நீரால் எரியும் விளக்கு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டுக்கொண்டனர். கல்வியின் பெருமை பற்றியும் ஒழுக்கத்தின் உயர்வு பற்றியும் இத்தகைய மேடைகளிலே அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. விடுதி அறையிலே தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் மின்சாரத்தை எவ்வாறு செலவிடுகின்றான் என்பதே அது. பொருள் சிறிதாயினும், யாரும் பாராத இடத்தில் பொதுப்பொருளை நாம் எப்படிக் கையாளுகின்றோம் என்ற பெரிய கேள்வி அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அன்பர்களே! விளக்கேற்றுதல் நம் சமயத்திலே ஒரு பெருந்தொண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் விளக்குத் தொண்டினாலே பேறு பெற்றவர்களை நீங்கள் அறிவீர்கள். எண்ணெய் வாங்க வழியற்ற நாளிலே தம் உதிரத்தையே எண்ணெயாகச் சொரியத் துணிந்தார் கலிய நாயனார். தம் தலைமுடியையே திரியாக எரித்தார் கணம்புல்ல நாயனார். நமிநந்தியடிகளோ, திருவாரூரிலே நெய் கேட்ட இடத்தில் ஏளனத்துக்கு ஆளாகி, குளத்து நீரை முகந்து அகலில் வார்த்து விளக்கேற்றினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது.

நீரினால் விளக்கு எரிந்ததை நம் முன்னோர் அற்புதம் என்று போற்றினர். இன்று இலங்கையிலே நாம் அன்றாடம் ஏற்றும் விளக்குகளில் ஒரு பெரும் பங்கு நீரினாலேதான் எரிகின்றது. சுவரிலுள்ள ஆளியைத் தட்டுகின்றோம், விளக்கு எரிகின்றது. அது எங்கிருந்து வருகின்றது என்று ஒரு கணமாவது எண்ணுகின்றோமா?

அது எங்கிருந்து வருகின்றது என்பதை நம் மாத்தளை மாவட்டத்தாரைக் காட்டிலும் நன்கு சொல்லத்தக்கவர் எவருமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஓரமாக ஓடுகின்ற மகாவலி கங்கை, கண்டியைச் சுற்றிக்கொண்டு பொல்கொல்லைக்கு வருகின்றது. அங்கே கட்டப்பட்டுள்ள அணையிலே அதன் நீரில் ஒரு பகுதி திருப்பப்பட்டு, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான மலைச் சுரங்கத்தின் வழியாக நமது மாவட்டத்து உக்குவளைக்கு வந்து விழுகின்றது. 1976ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் உண்டாக்கப்படுகின்றது. பின்னர் அந்நீர் சுது கங்கையோடு கலந்து, அம்பன் கங்கையை அடைந்து, போவத்தென்னையிலே மீண்டும் இயந்திரத்தைச் சுழற்றுகின்றது. அதற்கும் கீழே மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலே 25 மெகாவாட் ஆற்றலுள்ள மின்நிலையம் இருக்கின்றது. ஒரே ஆற்று நீர் நம் மாவட்டத்துக்குள் மும்முறை உழைத்துவிட்டு, பிறகு வயல்களுக்குப் பாய்கின்றது.

இனி நம் பல்லேகமவைப் பாருங்கள். மொரகஹகந்தவோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்திலே 2018ஆம் ஆண்டில் நீர் நிரப்பத் தொடங்கினர். லக்கல பல்லேகமவின் பழைய நகரம் அந்த நீருக்குள் அமிழ்ந்தது. மக்களுக்குப் புதிய இடம் கொடுக்கப்பட்டது. புதிய நகரம் எழுந்தது. ஆயினும், பிறந்த மண்ணும், பாட்டன் வைத்த மரமும், பழகிய பாதையும் புதிதாகக் கட்டித் தரக்கூடியவை அல்லவே. களு கங்கைத் திட்டம் முதன்மையாக வயலுக்கும் குடிநீருக்குமாக அமைந்தது என்பது உண்மை. எனினும் அதன் நீரில் ஒரு பகுதி மலைச்சுரங்க வழியாக மொரகஹகந்தவுக்கும் செல்கின்றது. ஆகவே நாட்டின் நீருக்கும் வெளிச்சத்துக்கும் விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், இந்தச் சபையிலே அமர்ந்திருக்கும் பெரியோர்களும் அவர்களுள் அடங்குவர். பிற ஊரார் இதனை மறந்தாலும், இவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் போகின்ற பிள்ளை மறக்கலாகாது.

இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலே அறிஞர் சபையொன்றில் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தவர் டீ. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர். அவர் கண்ட கனவு நனவாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. லக்ஷபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1952இல், பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிவந்தது. மாணவர் அங்கேயே தங்கிக் கற்க வேண்டும் என்பது அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் நோக்கம். சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆகிய நம் பெருமக்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் விடுதிகளிலே, நாட்டின் எல்லாப் பகுதிகளிலுமிருந்து வந்த ஏழைப் பிள்ளைகளும் செல்வர் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்து படித்தார்கள். 1945இல் கன்னங்கரா அவர்கள் நிலைநாட்டிய இலவசக் கல்வி அந்த வாசலை அகலத் திறந்து வைத்தது.

ஆனால் மலையகத்துத் தோட்டங்களின் நிலை வேறாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலே மின்விளக்கு எரிந்த காலத்தில், கூப்பிடு தூரத்து லயன் காம்பிராவிலே குப்பி விளக்குத்தான் எரிந்தது. மின்சாரம் அங்கே மிகப் பிந்தியே வந்தது. குப்பி விளக்கின் புகையிலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இச்சபையில் இருக்கின்றனர். அவர்களுக்கு வெளிச்சத்தின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்போது விடுதி அறைக்குள்ளே செல்வோம். எந்த ஒரு விடுதியையும் சுட்டி நான் பேசவில்லை. பிள்ளைகள் கூடி வாழும் இடமெங்கும் காணப்படுவதையே சொல்லுகின்றேன். அறையைப் பூட்டிக்கொண்டு விரிவுரைக்குப் போய்விட்டார்கள். உள்ளே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கின்றது. நண்பகலிலும் நடைபாதை விளக்குகள் எரிகின்றன. வாளி நீருக்குள் சூடேற்றும் சுருளைப் போட்டுவிட்டு ஒருவர் பேச்சில் மூழ்கிவிட்டார். நீர் கொதித்து ஆவியாகின்றது. இதே பிள்ளைகள் தம் வீட்டிலே அம்மாவின் குரலுக்குப் பயந்து விளக்கை அணைத்தவர்கள்தாம். அங்கே போனதும் மாறிவிட்டது என்ன?

பிள்ளைகளின் குணம் கெட்டுவிட்டது என்று நான் கருதவில்லை. கணக்குத்தான் கண்ணுக்கு மறைந்துவிட்டது. வீட்டிலே மாதந்தோறும் மின்சாரப் பட்டியல் வருகின்றது. எத்தனை அலகு, எத்தனை ரூபாய் என்று அப்பா உரக்கப் படிக்கின்றார். விடுதியிலோ அறைக்கு அறை மின்மானி இல்லை. மாணவர் கட்டுவது சிறுதொகையான விடுதிக் கட்டணம். மின்சாரப் பட்டியல் அலுவலகத்துக்குப் போகின்றது, பொதுப்பணத்திலிருந்து செலுத்தப்படுகின்றது. எவருக்கும் தெரியாத கணக்கு எவருக்கும் சொந்தமில்லாத கணக்காகி விடுகின்றது.

பொதுப்பணம் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதன்று. தோட்டத்திலே கொழுந்து பறிக்கின்ற தாய் ஒரு சவர்க்காரக் கட்டியை வாங்கும்போதும், பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி எடுக்கும்போதும் வரி செலுத்துகின்றாள். அந்தச் சில்லறையும் சேர்ந்துதான் விடுதியின் விளக்காக எரிகின்றது. ஆகவே, "யாரோ கட்டுகின்றார்கள்" என்று சொல்லுகின்ற மாணவன், கட்டுபவர்களுள் தன் தாயும் ஒருத்தி என்பதை அறிந்து பேச வேண்டும்.

நம் முன்னோர் விளக்குக்கு எவ்வாறு கணக்கு வைத்தார்கள் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. ஒரு திருவிளக்கு இடையறாது எரிவதற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அல்லது 48 பசுக்கள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் தொகை குறையாது பேண வேண்டுமாதலால், அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்றே கல்வெட்டு மொழியில் வழங்கினர். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், அளவு எவ்வளவு என்பன யாவும் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஆண்டவன் சந்நிதியில் எரிகின்ற விளக்குக்கே உழக்கு அளந்து கணக்கு வைத்த மரபு நம்முடையது. அளந்து செலவிடுதல் உலோபம் ஆகாது. முதல் அழியாமற் காப்பதற்கு அதுவே வழி.

அந்த மரபுப்படி நாமும் சற்று அளந்து பார்ப்போம். மின்சாரத்தை அலகு என்ற அளவால் அளக்கின்றோம். பேச்சிலே யூனிற் என்போம். 1,000 வாற்றுக் கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். இந்த ஓர் அலகை உண்டாக்க எவ்வளவு நீர் வேண்டும்? 100 மீற்றர் உயரத்திலிருந்து நீர் விழுவதாக வைத்துக்கொண்டால், இயந்திரத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 4,000 லீற்றர் நீர் விழவேண்டும். 200 லீற்றர் கொள்ளும் பெரிய பீப்பாய்களிலே இருபது பீப்பாய் நீர்! ஓர் அலகு என்று நாம் எளிதாகச் சொல்லுவது இதைத்தான்.

அந்த ஓர் அலகைக் கொண்டு என்னென்ன செய்யலாம்? 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழை 110 மணித்தியாலங்கள் எரிக்கலாம். பழைய 60 வாற்றுக் குமிழானால் ஏறக்குறைய 17 மணித்தியாலங்களிலே தீர்ந்துவிடும். 70 வாற்று மின்விசிறி 14 மணித்தியாலங்கள் சுழலும். கைப்பேசியை ஐம்பது தடவையளவில் மின்னேற்றலாம். ஆனால் 1,000 வாற்றுச் சூடேற்றும் சுருள் ஒரே மணித்தியாலத்தில் அதனை விழுங்கிவிடும். கேத்தலும், சோறு சமைக்கும் மின்பானையும், உடுப்பு அழுத்தும் பெட்டியும் இந்த இனத்தையே சேர்ந்தவை.

ஒளி தருவனவும் காற்றுத் தருவனவும் சிறிதளவே உண்ணுகின்றன. வெப்பம் தருவனவே பெருந்தீனி உண்ணுகின்றன. குளிர்காலக் காலையிலே குளிப்பதற்காக 15 லீற்றர் நீரைக் குளிர் போகச் சூடாக்குவதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அலகு வேண்டும். அதே மின்சாரத்தினால் ஓர் எல்.ஈ.டி. விளக்கை, இரவுக்கு ஐந்து மணித்தியாலமாக, ஏழு இரவுகள் எரித்துப் படிக்கலாம். ஒரு வாளி சுடுநீரும் ஒரு கிழமைப் படிப்பும் சமம்! 300 மாணவர் உள்ள விடுதியிலே ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு வாளி சூடாக்குவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 அலகாகும். அதற்கு விழவேண்டிய நீர் 4 இலட்சம் லீற்றர்.

பெரியோர்களுக்கு இவ்விடத்திலே ஒரு விண்ணப்பம். படிக்கின்ற பிள்ளையைப் பார்த்து "விளக்கை அணை" என்று சொல்லாதீர்கள். படிப்பு விளக்கு நாட்டுக்குப் பாரமன்று. கைப்பேசிக்காகவும் மிகையாகக் கோபிக்க வேண்டாம். அதனால் வீணாகும் காலம் பெரிது, மின்சாரம் சிறிது. வெப்பம் உண்டாக்கும் கருவி எங்கே எரிகின்றது என்று பாருங்கள். அங்கேதான் கதவு திறந்து கிடக்கின்றது.

எவ்வளவு என்பதைப் போலவே எப்பொழுது என்பதும் கருத வேண்டியது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரத்தை மின்சார சபையார் உச்ச நேரம் என்று வகுத்திருக்கின்றனர். வீடுகளிலும் கடைகளிலும் விடுதிகளிலும் எல்லோரும் ஒருங்கே ஆளியைத் தட்டும் நேரம் அது. அப்போது நீர் மட்டும் போதாமல், நுரைச்சோலையில் நிலக்கரியையும் பிற இடங்களில் எண்ணெயையும் எரிக்க வேண்டியிருக்கின்றது. இவை வெளிநாட்டுப் பணம் கொடுத்துக் கப்பலில் வருபவை. பகலிலோ கூரைகளின்மேல் அமைத்த சூரியத் தகடுகள் மின்சாரத்தைச் சொரிகின்றன. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியமையால், அத்தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு அதிகாரிகள் வேண்டினார்கள். பகலில் மிஞ்சுகின்றது, இரவில் தட்டுப்படுகின்றது. ஆதலால் உடுப்பு அழுத்துவதையும் மடிக்கணினி மின்னேற்றுவதையும் இயன்றவரை பகலுக்கு மாற்றிக்கொள்ளும் மாணவன், ஓர் அலகும் குறைக்காமலே நாட்டுக்கு நன்மை செய்தவனாகின்றான்.

இதனை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். 2022ஆம் ஆண்டிலே எண்ணெய் வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லாது போயிற்று. மார்ச் மாத இறுதியில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது.  மின்சாரம் நின்றபோது இணையவழியில் கற்ற பிள்ளைகளின் வகுப்பும் நின்றது. வசதியுள்ள வீட்டிலே மின்பிறப்பாக்கி ஓடிற்று. ஏழையின் வீட்டிலே பழைய குப்பி விளக்கு மீண்டும் வந்தது. பின்னர் மின்கட்டணமும் உயர்ந்தது: 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம், 2023 பெப்ருவரியில் மேலும் நூற்றுக்கு 66 வீதம். அந்தத் துன்பம் விடுதி மாணவர் விளக்கை அணைக்காமையால் வந்ததென்று சொல்லுவது அநியாயம். ஆட்சியின் பிழைகள் ஆட்சியாளருடையவை. ஆனால் தட்டுப்பாடு வரும்போது முதலில் இருளில் விடப்படுவது ஏழையின் வீடு என்பது உண்மை. ஆகவே சிக்கனத்தினால் அதிக இலாபம் அடைபவனும் ஏழையே.

இனி, செய்ய வேண்டியது யாது? அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்திலே ஒபர்லின் என்ற கல்லூரி இருக்கின்றது. 2005ஆம் ஆண்டில் அங்கே மாணவர் விடுதிகளுக்கிடையே இரு வாரப் போட்டியொன்று நடத்தினார்கள். எந்த விடுதி எவ்வளவு மின்சாரம் செலவிடுகின்றது என்பதை மாணவர் காணும்படி வெளியிட்டார்கள். மொத்தச் செலவு நூற்றுக்கு 32 வீதம் குறைந்தது. கணத்துக்குக் கணம் செலவு தெரியும்படி செய்த இரு விடுதிகளில் நூற்றுக்கு 55 வீதம் குறைந்தது. அங்கே எவரும் எவரையும் தண்டிக்கவில்லை. மறைந்திருந்த கணக்கு கண்ணெதிரே வந்ததும், போட்டியும் பரிசும் சேர்ந்ததும், பிள்ளைகள் தாமாகவே கையை அடக்கிக்கொண்டார்கள்.

இதற்கு அமெரிக்கக் கருவி வேண்டுமென்பதில்லை. ஒரு கரும்பலகையும் ஒரு துண்டு வெண்கட்டியும் போதும். விடுதி அதிபரின் அனுமதி பெற்று, ஞாயிறுதோறும் கட்டடத்தின் மின்மானியைப் படித்து, சென்ற கிழமை இவ்வளவு, இந்தக் கிழமை இவ்வளவு என்று வாசலில் எழுதி வையுங்கள். நமது மன்றத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் ஒருவர் இதனைத் தொடங்கட்டும். சிங்கள நண்பரும் முஸ்லிம் நண்பரும் கைகோக்கட்டும். கணக்குக்கு இனமும் மொழியும் இல்லை.

இன்னும் சில. நால்வர் நான்கு முறை கேத்தல் வைப்பதை விட, ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுநீர்ப் போத்தலில் நிரப்பி வைத்து நால்வரும் தேநீர் குடிக்கலாம். கூடிக் குடிக்கும் தேநீரில் நட்பும் வளரும். வாரத்துக்குரிய உடுப்புகளை ஒரே தடவையில் பகலில் அழுத்திக்கொள்ளலாம். அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் சூடேறுவதற்கே மின்சாரம் போகின்றது. நடைபாதை விளக்குக்கும் குளியலறை விளக்குக்கும் முறைவைத்து ஒருவர் பொறுப்பேற்கலாம். சூடேற்றும் சுருளை வாளியில் இடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது பணத்தை மட்டுமன்று, உயிரையும் வாங்கக்கூடியது. மடிக்கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்திலே கட்டப்பட்ட பழைய விடுதிகளில், ஒரே செருகியில் பல கருவிகளைத் தொங்கவிடுவது நெருப்போடு விளையாடுவதாகும். வெந்நீர் வேண்டுமெனில், கூரையில் சூரியவெப்ப நீர்த்தொட்டி அமைத்துத் தருமாறு மாணவர் ஒன்றுகூடிக் கேட்கலாம். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களின் கோரிக்கைக்கு வலிமை அதிகம்.

பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுப் போவது நீதியாகாது. நம் கோயில் திருவிழாக்களிலே விடியும்வரை எரியும் மின்தோரணங்களையும், ஆளில்லாத மண்டபத்திலே சுழலும் விசிறிகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சந்நிதியில் ஓர் அகல் விளக்கு இரவெல்லாம் எரியட்டும். அது நம் மரபு. பூசை முடிந்து, அடியார் வீடு திரும்பிய பின் வெளி வீதியில் எரியும் நூறு குமிழ்களுக்கு எந்த ஆகமமும் விதி வகுக்கவில்லை. மன்றத்து மண்டபத்தின் மின்மானிக் கணக்கை இம்மாதம் முதல் அறிவிப்புப் பலகையில் எழுதுவோம் என்று செயற்குழு தீர்மானிக்குமானால், விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு நம் சொல்லிலே நம்பிக்கை பிறக்கும்.

இளைஞர்களே! நாளை உங்களில் சிலர் பேராதனைக்குச் செல்வீர்கள். சிலர் யாழ்ப்பாணத்துக்கும், வந்தாறுமூலைக்கும், கொழும்புக்கும் செல்வீர்கள். அங்கே உங்கள் அறையிலே மின்மானி இராது; அம்மாவின் குரலும் கேளாது. அந்த அறையை விட்டு வெளியேறும்போது உங்கள் கை தானாகவே ஆளியை நாடுமானால், நீங்கள் கற்ற கல்வியில் ஒரு பாதி அங்கேயே நிறைவேறிவிட்டது என்பேன். விளக்கை நன்றாக ஏற்றிப் படியுங்கள். தேவையான மட்டும் ஏற்றுங்கள். அது ஆற்று நீரால் எரிகின்றது. ஊரை விட்டுக் கொடுத்தவர்களின் தியாகத்தால் எரிகின்றது. உழைப்பவர் செலுத்தும் வரியால் எரிகின்றது.